பிறவுணி கவ்விய தாடை

இந்த மண்ணில் எலும்பு வந்தால் முதலில் யாரும் நாயை நினைப்பதில்லை.

முள்ளியவளையில் பரமலிங்கம் புது வீடு கட்டுவதற்கு வயலை ஒட்டிய வளவில் அத்திவாரம் வெட்டத் தொடங்கியிருந்தார். பெக்கோ இயந்திரத்தின் வாளியில் ஏதோ வெளிறித் தட்டுப்பட்டதும் அதை ஓட்டிக்கொண்டிருந்த கிருசாந்தன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே குதித்தான். பரமலிங்கத்தின் மனைவி அன்னபாக்கியம் கொதித்த உலையை அப்படியே விட்டுவிட்டு வந்து குழிக்கரையில் குந்தினார். அவருடைய தம்பி கடைசிச் சண்டையோடு காணாமல் போனவன். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பொலிஸ் வந்து நாடா கட்டியது. நீதிமன்றம் அனுப்பிய வைத்தியர் மறுநாள் வந்து குழிக்குள் இறங்கி, கையுறையைக் கழற்றிக்கொண்டே ஏறினார்.

"மனிசன்ரை இல்லை அம்மா. நாய் போலை கிடக்கு. பழசு."

அன்னபாக்கியம் அதைக் கேட்ட பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தாராம். நாடாவை அவிழ்த்துக்கொண்டு பொலிஸ் போய்விட்டது. ஊர்ச் சனமும் கலைந்தது. அந்தக் கதை அதோடு முடிந்திருக்கும், கிருசாந்தனுக்குப் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த டிலுசாவின் ஞாபகம் வராவிட்டால்.

டிலுசா முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்யும் மரியநேசனின் மகள். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்து, அங்கேயே ஆராய்ச்சி மாணவியாக நாலு காசு வாங்குகிறாள். நாய்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அது இன்று நேற்றுப் பிடித்த பித்து அல்ல. சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் எழும்பி நின்று, நோவாவின் பேழையில் ஏறியது நாயா ஓநாயா என்று கேட்டவள். இரண்டும் ஏறினது, இரு என்றார் ஆசிரியை. அவள் இருக்கவில்லை. லீவில் வீட்டுக்கு வந்தால், வீதியில் அடிபட்டுச் செத்த நாய்களின் தலைகளைக் கொண்டுவந்து கொல்லைப்புறத்தில் அவித்து மண்டையோடு எடுப்பாள். ஒருமுறை மீன் அவிக்கிற பெரிய சட்டியையே அதற்கு எடுத்துவிட்டாள். தாய் புனிதமலர் அன்றைக்கு அந்தச் சட்டியைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது.

"டிலு, உனக்கு நாயெலும்பு விசர் எல்லோ. ஒரு படம் அனுப்பினனான். பார்."

பார்த்தாள். தேத்தண்ணிக் கோப்பை நிரம்பி வழிந்து மேசையில் ஓடியது. அவள் கவனிக்கவில்லை. படத்தில், வெட்டிய மண் சுவரின் அடியில், ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. முதுகெலும்பு வளைந்து, பின்கால்கள் மடங்கி, மண்டை வாலடியைத் தொட்டபடி. குளிரில் படுக்கும் நாய் எப்படிப் படுக்குமோ அப்படி. எறிந்த நாய் இப்படிக் கிடக்காது. பக்கத்தில், வாளி இழுத்த கீறலில், உடைந்த சட்டியின் விளிம்பு ஒன்று தெரிந்தது. வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு.

அவள் அந்த விளிம்பை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கத்தினாள்.

"அப்பா! மோட்டர்சைக்கிளை எடுங்கோ!"

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மரியநேசன் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று பதறி ஓடிவந்தார்.

"என்ன பிள்ளை, ஆருக்கு என்ன?"

"ஒரு நாய் செத்துப் போச்சு, அப்பா."

"நாயோ? எப்ப?"

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னம்!"

மரியநேசன் மகளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். இந்த வீட்டில் இப்படியான பதில்கள் அவருக்குப் பழக்கம்தான். வேறு ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டர்சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த மீன்பெட்டிக்கு மேல் அவளை ஏற்றினார். வழி முழுக்க அவள் பின்னாலிருந்து காற்றில் கத்திக்கொண்டே வந்தாள். அப்படியான சட்டி, செத்தவர்களை வைத்துப் புதைத்த பழைய தாழிகளோடுதான் வரும் என்றாள். அந்தக் காலத்து நாய் ஒன்று முழுசாகக் கிடைப்பது லேசில் நடக்காத காரியம் என்றாள். பாதி அவர் காதில் விழுந்தது. மீதியைக் காற்று கொண்டுபோனது.

பரமலிங்கம் குழிக்கரையில் மண்வெட்டியோடு நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து வந்து குடியேறிய குடும்பம். நெல் விதைத்து முளை காட்டியிருந்த நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை காலை அத்திவாரக் கல் வைக்க நாள் குறித்தாகிவிட்டது. பொலிஸ் வந்து இரண்டு நாள் தின்றதில் அவர் பொறுமை ஏற்கெனவே கரைந்திருந்தது.

"வாங்கோ அண்ணை," என்று மரியநேசனை வரவேற்றுவிட்டு அவர் டிலுசாவைப் பார்த்தார். "பிள்ளை, உந்த எலும்பை நான் அள்ளி அங்காலை கிடங்கு வெட்டித் தாக்கப் போறன். நாய் செத்தால் தாக்கிறதுதானே. இதிலை என்ன அதிசயம் கிடக்கு?"

"தாட்டது ஆர் எண்டதுதான் அதிசயம் ஐயா. தயவுசெய்து மண்வெட்டியை வையுங்கோ."

"அது நாயும் இல்லை," என்றான் பெக்கோவில் சாய்ந்து நின்ற கிருசாந்தன். "நரி. எங்கடை பக்கத்திலை நரி தானே கூட."

டிலுசா அவனைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "அதைத்தான் பாக்க வந்தனான். நரியெண்டால் நான் இப்பவே திரும்பிப் போயிடுவன். நரி இந்தக் காட்டுக்கு உரிய சீவன், தானாய் வந்து தானாய்ச் சாகும். நாய் அப்பிடி இல்லை. உலகத்திலை இருக்கிற அத்தனை நாயும் ஓநாய்க்குப் பிறந்தது. ஒரு காலத்திலை இருந்து அழிஞ்சு போன ஓநாய்க் கூட்டம் ஒண்டின்ரை வம்சம். இலங்கையிலை ஓநாய் இருந்ததுக்கு ஒரு தடயமும் இல்லை. அப்ப இது நாயெண்டால், இதின்ரை பூட்டன் பூட்டியை ஆரோ ஒரு மனிசன் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். தரையாலையோ வள்ளத்திலையோ."

"வள்ளத்திலையோ?" மரியநேசனுக்கு இப்போதுதான் விசயம் பிடித்தது. அவர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "எங்கடை ஆக்கள் போலை?"

சட்டி வந்த இடத்தில் தன் பாட்டுக்குத் தோண்ட முடியாது என்பது டிலுசாவுக்குத் தெரியும். மாவட்டத் தொல்லியல் அலுவலர் கனகலிங்கத்தை அழைத்து, படங்களையும் அனுப்பினாள். அவர் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "ஒண்டையும் அசைக்காதேங்கோ தங்கச்சி. நான் வவுனியாவிலை நிக்கிறன். நாளைக்கு விடிய வாறன்," என்றார்.

அவள் வானத்தைப் பார்த்தாள். கிழக்கே, கடல் இருக்கிற பக்கம், மை கரைத்து ஊற்றியது போல மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

"ஐயா, இங்கை இன்னும் கொஞ்ச நேரத்திலை மழை. இது வயல் மட்டத்துக் குழி. விடியக்குள்ளை கேணியாப் போயிடும்."

கனகலிங்கம் யோசித்தார். கடைசியில், கமராவை நிறுத்தாமல் ஓடவிட்டு, அளந்து, படமெடுத்து, மண்ணோடு சேர்த்து எலும்பை மட்டும் தூக்கச் சொன்னார். சட்டியைத் தொடக்கூடாது. "நான் இப்பவே வெளிக்கிடுறன். கவனம்."

டிலுசா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழிக்குள் இறங்கினாள்.

கிருசாந்தனின் போன் வீடியோ எடுத்தது. மரியநேசன் கரைக்குப் போன் போட்டுத் தன்னோடு தொழிலுக்கு வருகிறவர்களை, குழிக்கு மேலே மழை மறைக்கப் படங்குச் சீலை கொண்டு வரச் சொன்னார். பரமலிங்கம் மண்வெட்டியை வைத்துவிட்டாலும் தூக்கிவைத்த முகத்தை இறக்கவில்லை. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக் காவல்காரனைப் போல உட்கார்ந்தார். அவர் காலடியில் வீட்டு நாய் பிறவுணி படுத்திருந்தது. மண்ணிறம், நுனி மடிந்த காது, எதற்கும் அவசரப்படாத சீவன்.

மேசன் கரண்டியாலும் பெயின்ற் பிரஷாலும் டிலுசா மண்ணை விலக்கினாள். விலா எலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீப்புப் போல வெளிவந்தன. ஒவ்வொன்று தெரியும்போதும் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முன்பாதம், அதன் சின்னச் சின்ன எலும்புகள் இடம் மாறாமல். மண்டையோட்டை மண்கட்டியோடு தூக்கும்போது, ஏற்கெனவே கழன்றிருந்த கீழ்த்தாடை தனியே வந்தது. அதைப் படமெடுத்து, குழிக்கரையில் விரித்திருந்த சாக்கின் மேல் வைத்தாள்.

அந்தத் தாடைதான் முக்கியம். நரியா நாயா என்பதை அது சொல்லிவிடும். மண்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு அதைக் கையில் எடுக்கத் திரும்பினாள்.

சாக்கு வெறுமையாக இருந்தது.

"ஐயோ! பிறவுணி!" என்று கத்தினார் அன்னபாக்கியம்.

எதற்கும் அவசரப்படாத அந்தச் சீவன், வாயில் தாடையைக் குறுக்கே கவ்விக்கொண்டு, வாலை உயர்த்தி, வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

டிலுசா குழியிலிருந்து எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. ஓடினாள். பின்னால் கிருசாந்தன் வீடியோவை நிறுத்தாமலே ஓடினான். அதன் பின்னால் மரியநேசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். "வரம்பாலை ஓடுங்கோ! விதைப்புக்குள்ளை இறங்காதேங்கோ!" என்று கத்திக்கொண்டு பரமலிங்கமும் ஓடிவந்தார். பிறவுணிக்கு இது பெரிய கொண்டாட்டமாகப் போய்விட்டது. முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, இவர்கள் கிட்ட வரும்வரை காத்துநின்றுவிட்டு, எட்டிப் பிடிக்கும் கணத்தில் பக்கவாட்டில் பாய்ந்தது. கிருசாந்தன் குறுக்கே விழுந்து மறித்தான். நாய் அவன் முதுகில் மிதித்து ஏறிப் போனது. வாய்க்காலைத் தாண்டியது. கடைசியில், ஒருவரும் காலை வைக்கக்கூடாது என்று சொன்ன முளைப்பயிருக்குள், முழங்கால் வரை சேறு தெறிக்க இறங்கியவர் பரமலிங்கம்தான்.

"டேய்! அதைப் போடடா! அது உன்ரை பூட்டன்ரை பல்லடா!"

வாய்க்காலின் அந்தப் பக்கம், ஒரு பாலை மரத்தின் கீழ், பிறவுணி படுத்துத் தாடையை இரண்டு முன்கால்களுக்கும் இடையில் வைத்தது. நாக்கைத் தொங்கவிட்டு எல்லோரையும் பார்த்தது. பிறகு தலையைச் சரித்து, கடைவாயால் கடிக்கத் தயாரானது.

பழைய எலும்பு. நல்ல கடி ஒன்று விழுந்தால் பிஸ்கட் போல நொறுங்கிவிடும்.

"எல்லாரும் நில்லுங்கோ," என்றாள். "அப்படியே நில்லுங்கோ. ஒருத்தரும் கத்தாதேங்கோ. நாங்கள் துரத்தத் துரத்த அதுக்கு அது பெறுமதியான சாமான். அப்பா, எங்கடை மீன்பெட்டிக்கை ஏதும் கிடக்கோ?"

"ஒரு சூடை ரெண்டு சூடை ஒட்டிக்கொண்டு கிடக்கும்."

"ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. கெதியா."

சத்தம் நின்றதும் பிறவுணி கடிக்காமல் தலையைத் தூக்கி அவர்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. மரியநேசன் கொண்டுவந்த மீனைக் கண்டதும், வரம்பில் நின்ற அன்னபாக்கியம் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்," என்று முணுமுணுத்தார். ஆனாலும் போகவில்லை. திரும்பி நின்றபடியே, "குடுத்தாச்சோ? எடுத்தாச்சோ?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

டிலுசா வாய்க்காலைக் கடந்து, நாயை நேரே பார்க்காமல், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தாள். சூடை மீனைத் தன் பக்கத்தில் வைத்தாள். முதல் மழைத்துளி அவள் கழுத்தில் விழுந்தது. அவள் அசையவில்லை. பின்னால் சேறு களக்களக்கென்றது. தாடையைக் கவ்வியபடியே வந்த நாயின் சூடான மூச்சு முழங்கையில் பட்டது. நாய் மீனைக் கவ்வுவதற்காக வாயைத் திறந்தது. தாடை அவள் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது.

அவள் அதன்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டாள்.

கரையிலே விசில் பறந்தது. மரியநேசன் கைதட்டினார். டிலுசா தாடையைச் சட்டையில் துடைத்தாள். நுனியில் ஒரு புதுக் கீறல், அவ்வளவுதான். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நரியோ?" என்று கிருசாந்தன் கேட்டான், மூச்சு வாங்க.

"நாய்." அவள் தாடையை அவனிடம் நீட்டினாள். "நாயடா! இதைப் பார், கீழ்ப்பக்கம் எவ்வளவு தடிப்பு. நரிக்கு இது மெல்லிசாய், நீட்டாய் இருக்கும். மிஞ்சின இந்த ஒரு கடைவாய்ப் பல்லைப் பார். சாடை நெருக்குப்பட்டுச் சரிஞ்சு நிக்கிது. முகம் கட்டையாப் போனால் பல்லுக்கு இடம் காணாது. மனிசரோடை இருந்து இருந்து ஓநாய்க்கு முகம் கட்டையாப் போன அடையாளம் இது!"

"மிஞ்சின பல்லோ? மற்றதெல்லாம் பிறவுணி விழுங்கிப் போட்டுதோ?" என்று பரமலிங்கம் கேட்டார். சேறு பூசிய அவர் கால் இரண்டும் அவருடையதாகவே தெரியவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவள் மறுபடியும் குனிந்தாள். அப்போதுதான் அதைக் கண்டாள். பற்கள் இருந்த குழிகளில் பெரும்பாலானவை மூடியிருந்தன. ஓட்டையே இல்லை. எலும்பு வளர்ந்து, வழவழவென்று அடைத்திருந்தது. அவள் விரலை அதன்மேல் திரும்பத் திரும்ப ஓட்டினாள்.

"இல்லை ஐயா," என்றாள் மெதுவாக. பிறகு அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "இந்தப் பல்லெல்லாம் அது உயிரோடை இருக்கேக்கையே விழுந்திட்டுது. விழுந்து, புண் ஆறி, எலும்பு மூடுற அளவுக்கு அது பிறகும் சீவிச்சிருக்கு. மாசக்கணக்கிலை. வருசமாயும் இருக்கலாம். கிழட்டு நாய். வேட்டைக்குப் போகேலாது. எலும்பு கடிக்கேலாது."

இப்போது அன்னபாக்கியம் முழுவதுமாகத் திரும்பி நின்றார். டிலுசாவின் மீன் மணக்கும் கையையும் மறந்து கிட்ட வந்தார். "பல்லில்லாட்டி என்னத்தைத் திண்டது பிள்ளை?"

டிலுசா தாடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழியை நோக்கி ஓடினாள். இந்த முறை வரம்பாலேயே ஓடினாள். மற்ற எல்லோரும் அவள் பின்னால்.

மழை பிடித்துவிட்டது. மரியநேசனின் ஆட்கள் லொறி ஒன்றில் வந்து இறங்கி, குழிக்கு மேலே படங்கை விரித்து, நாலா பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடலில் பாய் பிடித்த கைகள். காற்று படங்கை அடித்துத் தூக்கியபோது, "தாழ்த்து, தாழ்த்து, அந்தப் பக்கம் இறுக்கு!" என்று மரியநேசன் வள்ளத்தில் நிற்பது போலவே கத்தினார். பரமலிங்கம் தன் சீமெந்துக்கு வாங்கி வைத்திருந்த மண்மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிவந்து, வயல் தண்ணீர் உள்ளே வராதபடி குழியைச் சுற்றி அணை போட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. படங்கின் கீழே, கிருசாந்தன் பிடித்த போன் வெளிச்சத்தில், டிலுசா விலா எலும்புகளுக்கு நடுவே, வயிறு இருந்திருக்க வேண்டிய இடத்து மண்ணைச் சாக்குத் தைக்கும் ஊசியின் நுனியால் கிளறினாள்.

மண்ணுக்குள் சன்னமான ஒன்று மினுங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு பிடி.

"மீன் முள்ளு!" என்று கத்தினாள். மழை இரைச்சலில் கேட்காது என்று மறுபடியும் கத்தினாள். "மீன் முள்ளு! சின்னச் சின்ன மீன். எல்லாம் நசிஞ்சு கிடக்கு. ஆரோ நசிச்சுக் குடுத்திருக்கினம் போலை! பல்லில்லாத நாய்க்கு மீன் மசிச்சு ஊட்டியிருக்கினம்! நான் சரியாய்ச் சொல்லேலாது, ஆய்வுகூடத்திலை பாக்கவேணும். ஆனால் பாருங்கோ, பாருங்கோ இதை!"

படங்கு பிடித்து நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தார்கள். படங்கு சரிந்து, தேங்கி நின்ற தண்ணீர் முழுவதும் மரியநேசனின் தலையில் கொட்டியது. அவர் முகத்தை வழித்துக்கொண்டு சிரித்தார். "களப்பு மீன்தான் அது. நசிச்சுக் குடுத்தது கட்டாயம் ஒரு மனுசியாய்த்தான் இருக்கும். எங்கடை வீட்டிலையும் பூனைக்கு இவளின்ரை அம்மாதான் முள்ளெடுத்துக் குடுக்கிறவா."

அன்னபாக்கியம் குழிக்கரையில், இரண்டு நாளைக்கு முன்னர் குந்தியிருந்த அதே இடத்தில், குடையைப் பிடித்தபடி குந்தியிருந்தார். டிலுசா கையில் ஏந்திக் காட்டிய முள்ளுகளை நெடுநேரம் பார்த்தார்.

"அண்டைக்குத் தம்பியோ எண்டு இந்தக் குழியை எட்டிப் பாக்கவே பயமாய் இருந்தது பிள்ளை," என்றார். "இண்டைக்கு இன்னும் தோண்டிப் பார் எண்டு மனம் சொல்லுது."

டிலுசா ஈரக்கையால் அவர் பாதத்தைத் தொட்டு ஒரு கணம் வைத்திருந்தாள். பிறகு மறுபடி வேலைக்குத் திரும்பினாள்.

நாயை மண்ணோடு பலகையில் தூக்கி எடுத்தபோது, அதன் கீழே அகலமான ஒரு தாழியின் வாய் வட்டமாகத் தெரிந்தது. உடைந்த சட்டி அதன் மூடியாக இருந்திருக்க வேண்டும். ஒருவரும் தொடவில்லை. பொழுதுபடுகிற நேரம், மழையில் மாட்டித் தாமதித்து, சேறு அப்பிய சப்பாத்தோடு கனகலிங்கம் வந்து சேர்ந்தார். படங்கின் கீழ் குனிந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஆரையோ வைச்சுத் தாட்ட தாழிக்கு மேலை படுக்க வைச்சிருக்கினம்," என்றார். பிறகு தயங்கித் தயங்கிப் பரமலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "ஐயா, ஞாயிற்றுக்கிழமை…"

"தெரியும், தெரியும்," என்றார் பரமலிங்கம். முதுகைப் பிடித்துக்கொண்டு கடைசி மண்மூட்டையில் உட்கார்ந்திருந்தார் அவர். "வீட்டை அங்காலை மாமரத்தடிக்குத் தள்ளிக் கட்டுறன். குறிச்ச நாளை மாத்தேலாது, இடத்தை மாத்தலாம்தானே. மனுசி ஏற்கெனவே சொல்லிப்போட்டா."

ஞாயிறு காலை மாமரத்தடியில் கல் வைத்தார்கள். டிலுசா கொழும்பு வழியாக வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போகிற பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அத்தோடு பிறவுணியின் வாய்க்குள்ளும் பஞ்சுக்குச்சி விட்டு எச்சில் எடுத்தாள். கவ்விய நாயின் எச்சில் பழைய எலும்பில் கலந்திருக்குமே, பிரித்தறிய இது வேண்டும் என்று விளக்கினாள். பரமலிங்கத்துக்கு அதில் பெருமை தாங்கவில்லை. ஊரெல்லாம், "எங்கடை நாயின்ரை எச்சிலும் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போகுது. கட்டாயம் அதின்ரை வம்சம்தான் இது," என்று சொல்லித் திரிந்தார்.

ஆய்வு முடிவு வர, அந்தப் பயிர் அறுத்து அடுத்த சிறுபோகம் விதைக்கிற காலமாகிவிட்டது.

அன்றைக்கு டிலுசா யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். பரந்தனில் இறங்கி முல்லைத்தீவு பஸ் எடுக்க வேண்டும். ஆனையிறவில், இரண்டு பக்கமும் உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருந்தபோது, போனில் மின்னஞ்சல் வந்து விழுந்தது. திறந்தாள். படித்தாள். எழும்பி நின்றாள். நிற்கிறாள் என்பதே அவளுக்குத் தெரியாது.

"ஐயோ கடவுளே!"

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கொண்டக்டர் ஓடிவந்தார். "என்ன தங்கச்சி, பேர்சைக் காணேல்லையோ?"

"இல்லை அண்ணை! நாய்! எங்கடை நாய்!"

"நாய் காணேல்லையோ?"

"கிடைச்சிட்டுது! ரெண்டாயிரத்து முந்நூறு வருசத்துக்குக் கிட்ட!"

அதற்குப் பிறகு அவள் முழுவதையும் சொல்லியே ஆகவேண்டியதாயிற்று. காதுக்குப் பின்னாலுள்ள கல்லுப் போன்ற எலும்பில், பிறவுணி வாய்படாத இடத்தில், மரபணுத் துணுக்குகள் கொஞ்சம் தப்பியிருந்தன. ஓநாய் வம்சத்து நாய் என்பதில் சந்தேகமே இல்லை. நரியின் சாயல் எதுவும் கிடையாது. அதன் தாய்வழி, தெற்காசியாவின் ஊர்நாய்களிடம் காணப்படுகிற பழைய கிளை. இதெல்லாம் அவள் ஓரளவு எதிர்பார்த்தது. எழும்பி நிற்க வைத்தது வேறு. முல்லைத்தீவு மீன் இறங்குதுறையில், வலைக் குவியலின் மேல் படுத்துக் கிடக்கும், பேர்கூட இல்லாத ஒரு பெட்டை நாயிடம் அவள் முன்னர் எச்சில் எடுத்திருந்தாள். அதனுடைய தாய்வழி மரபணுவும் இதனுடையதும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

"அப்ப அந்த எலும்பைத் தூக்கிக்கொண்டு ஓடின நாய்?" என்று முன் சீற்றிலிருந்து ஒருவர் கேட்டார். அவர் பேர் ஏரம்பு, கிளிநொச்சியில் இறங்குகிறவர். கதை அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது.

டிலுசா போனைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வெடித்தது. "அதின்ரை தாய்வழி ஐரோப்பாப் பக்கம் கூடுதலாய் இருக்கிற கிளை ஐயா. எந்தக் காலத்திலையோ ஒரு வெள்ளைக்காரன் கப்பலிலை கொண்டுவந்த பெட்டை நாயின்ரை பேத்தியாய் இருக்கும். நான் இதை எப்பிடிப் பரமலிங்கம் ஐயாவுக்குச் சொல்லுறது?"

பஸ் சிரித்தது. பிறகு ஆளுக்கொரு கதை கிளம்பியது. மடியில் மரக்கறிக் கடகத்தோடு இருந்த ஒரு அம்மா, தன் வீட்டு நாய் இரவில் ஊளையிடும்போது தனக்கு எப்போதும் சந்தேகம்தான் என்றார். பின் வரிசையிலிருந்து ஒருவர், தன்னிடமிருக்கும் உள்ளங்கை அளவு பஞ்சு நாயும் ஓநாய்க்குப் பிறந்ததா என்று கேட்டார். ஓம் என்று அவள் சொல்ல அவர் நம்பவே இல்லை. ஏரம்பு எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளருகே வந்து நின்றார்.

"ஒண்டு கேக்கிறன் பிள்ளை. முதன்முதல் ஓநாயைப் பிடிச்சுக்கொண்டு வந்தது மனிசனோ? இல்லாட்டி ஓநாய் தானாய் வந்ததோ?"

"அதிலைதான் இப்பவும் அடிபாடு," என்றாள் டிலுசா. அவள் கண்கள் மினுங்கின. "குட்டியாய்த் தூக்கி வளத்தவை எண்டு ஒரு பகுதி சொல்லுது. மிச்சச் சாப்பாட்டுக்கு அதுகள் தானாய்க் கிட்ட வந்தது, பயம் குறைஞ்சது தங்கினது எண்டு மற்றப் பகுதி. பதினையாயிரம் வருசத்துக்கு மேலை நடந்த விசயம். எங்கை நடந்தது எண்டும் தெரியாது. ஒரு இடத்திலையோ கன இடத்திலையோ எண்டும் தெரியாது. அதைத்தான் இனித் தேடவேணும்."

"தானாய் வந்திருக்கும்," என்றார் கடகத்து அம்மா உறுதியாக.

"அதெப்பிடி? பிடிச்சுத்தான் இருப்பாங்கள்," என்றார் ஏரம்பு.

பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கொண்டக்டர்கூடப் பயணச்சீட்டுக் கொடுப்பதை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் சேர்ந்தார். டிலுசா நடுவே நின்று, இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் கொடுத்துக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் மறுத்துக்கொண்டு வந்தாள். வெளியே உப்பளம் முடிந்து வயல் வந்தது, கடைகள் வந்தன, ஒரு சந்தி வந்து போனது.

"தங்கச்சி," என்றார் கொண்டக்டர் திடீரென்று, வாயில் கையை வைத்து. "நீங்கள் பரந்தனிலை எல்லோ இறங்கவேணும்?"

கிளிநொச்சியில் இறங்கி, வெயிலில் நின்றபடி, அவள் முதலில் அப்பாவுக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, இறங்குதுறையிலை எங்கடை வலைக்கு மேலை படுக்கிற பெட்டை நிக்கிதெல்லோ…"

"ஓம், நிக்கிது. ஏன், செத்திட்டுதெண்டு ஆர் சொன்னது? இப்பதான் சூடை குடுத்தனான். வயித்திலை குட்டியோடை, குட்டித்தாச்சியாய் நிக்கிது."

டிலுசா வீதியின் நடுவில் நின்று துள்ளினாள். பின்னால் ஓட்டோக்காரர் ஒருவர் ஹோன் அடித்தார். அவள் ஓரத்துக்கு வந்து, மற்றக் காதைப் பொத்திக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.